வீணாகப் போகிற வெயில்

துருவி என்பது அவளுக்கு வைத்த பெயர் இல்லை. அவளே உழைத்துச் சம்பாதித்த பெயர்.

எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள். "பூமி உருண்டை" என்று டீச்சர் சொன்னால், "யார் போய்ப் பார்த்தது டீச்சர்?" என்பாள். "நேரமாச்சு, தூங்கு" என்று அம்மா சொன்னால், "யாருக்கு நேரமாச்சு?" என்பாள். பத்து வயது ஆவதற்குள் அவளுடைய சொந்தப் பெயர் தெருவுக்கே மறந்துவிட்டது.

அப்பா தெருமுனையில் சலூன் வைத்திருந்தார். அம்மா வீட்டின் முன்னறையில் துணி தைத்தாள். காலால் மிதிக்கிற பழைய தையல் மெஷின். பகல் முழுக்க அது கடகடவென்று பேசும். சாயங்காலம் மெஷின் வாயை மூடியதும் அம்மாவின் முழங்கால் பேச ஆரம்பிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் எழுந்திருக்க முடியும்.

"கால் வலிக்குதாம்மா?" என்று துருவி கேட்பாள்.

"இல்லையே. சுவர் விழாம இருக்கான்னு பார்த்தேன்" என்பாள் அம்மா.

மோட்டார் வைத்த தையல் மெஷின் என்று ஒன்று உண்டு. காலை லேசாக வைத்தால் போதும், தானாக ஓடும். அதை வாங்கத்தான் வீட்டில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்டச் சேர்ந்தும் விட்டது.

அந்த நேரம் பார்த்து, சோலார் பேனல் விற்கிற ஒருவர் அப்பாவின் சலூனுக்குச் சவரம் செய்துகொள்ள வந்தார்.

வந்தவர் சும்மா போகவில்லை. "உங்க வீட்டு மாடியில விழற வெயில் பூரா வீணாப் போகுதே சார்!" என்று ஒரு வார்த்தையை அப்பாவின் மனசில் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அப்பாவால் வெயிலை வெயிலாகப் பார்க்க முடியவில்லை. ஒழுகுகிற குழாயைப் பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்தார். "ச்சே! காலையிலேர்ந்து எவ்வளவு போயிருக்கும்!" என்று பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"மாடியில சோலார் போடப் போறேன். மெஷினுக்கு வச்ச பணத்தை முன்பணமாக் குடுத்துடலாம். மீதியைத் தவணையில கட்டிக்கலாம். இனிமே கரண்ட் பில்லே வராதாம்!"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அப்பாவோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிடுவாள். அந்த மாதிரி நேரங்களில் தம்பி பொடிதான் தபால்காரன்.

"பொடி, என் மெஷின் என்ன ஆச்சுன்னு உங்கப்பாகிட்ட கேளு."

அப்பா கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார். இருந்தாலும் பொடி எழுந்து நடந்து போய்க் கேட்டான்.

"அடுத்த வருஷம் கட்டாயம் வாங்கிடலாம்னு சொல்லு" என்றார் அப்பா.

பொடி திரும்பி வந்தான். "அடுத்த வருஷமாம். அப்புறம் எனக்கு ஒரு பந்து வாங்கிக் குடுக்கணுமாம்."

"டேய், பந்தைப் பத்தி நான் சொல்லவே இல்லையேடா!"

"தபால்ல சேர்ந்து வந்துடுச்சுப்பா" என்றான் பொடி.

துருவி சிரிக்கவில்லை. அம்மா மேசைக்குக் கீழே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, சோலார் நமக்கு லாபம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிக்காம இறங்குவேனா? சலூனுக்கு வந்த அத்தனை பேர்கிட்டயும் கேட்டேன். 'சோலார் போடலாம்தானே?'ன்னு. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லல."

"எப்போ கேட்டீங்க?"

"சவரம் பண்ணும்போதுதான். எல்லாரும் 'உம்'னு சொன்னாங்க. ஒருத்தர்கூட மறுத்துத் தலையாட்டல."

துருவிக்கு அதில் ஏதோ இடித்தது. எங்கே இடிக்கிறது என்றுதான் உடனே பிடிபடவில்லை.

"அவ்வளவு ஏன், எதிர்வீட்டு மாமா போட்டிருக்காரே! கேட்டா 'அருமை'ங்கறார்."

"பொடி" என்றாள் அம்மா. "அந்த வீட்டு அத்தை என்ன சொன்னாங்கன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. பேனல் போட்டு மூணு மாசம் ஆகியும் பில் அப்படியேதான் வருதாம்."

ஒரே வீடு. ஒரே பேனல். மாமா ஒன்று சொல்கிறார், அத்தை வேறொன்று சொல்கிறார். துருவிக்கு மூக்கு அரித்தது.

"சோலார்காரர் எப்போ பணம் வாங்க வர்றார்?"

"ஞாயித்துக்கிழமை. சலூனுக்கு."

"அதுக்குள்ள நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் பணத்தைத் தொடக் கூடாது."

"நீ என்னத்தைக் கண்டுபிடிப்பே?"

"அது கண்டுபிடிச்சாத்தானேப்பா தெரியும்?"

அப்பா வாயைத் திறந்தார். தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை காலையிலேயே துருவி எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

எதிர்வீட்டு மாமா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவருடைய குரல் ஓய்வு பெறவில்லை. "வா துருவி! டீ இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்!" என்று ஒலிபெருக்கி மாதிரி அறிவித்தார்.

கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. அதில் ஓர் எண் ஒளிர்ந்தது.

"மேல வெயில் எவ்வளவு கரண்டா மாறுதுன்னு இந்த எண் சொல்லும். எண் பெருசா இருந்தா கரண்ட் நிறைய வருதுன்னு அர்த்தம்" என்றார் மாமா.

"பில் குறைஞ்சிருக்கா மாமா?"

மாமா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "அருமையா இருக்கு!"

"பில் குறைஞ்சிருக்கான்னு கேட்டேன்."

"அது வந்து... வானிலை காரணமாக..." என்று ஆரம்பித்தார். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மாமா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

துருவி பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்ணையே பார்த்தாள். வெயில் ஏற ஏற எண்ணும் ஏறியது. ஆயிரத்தைத் தாண்டியது. மேலும் ஏறியது.

அப்போது அத்தை ஒரு வாளி நிறைய ஈரத் துணியோடு கூடத்தைக் கடந்து மாடிப்படி ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. தொள்ளாயிரம். எழுநூறு. நானூறு.

"மேகம்" என்றார் மாமா.

துருவி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். மேகம் என்று ஒரு பஞ்சுகூட இல்லை.

அத்தை காலி வாளியோடு இறங்கி வந்தார். இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். எண் இருநூற்றுக்கு வந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

துருவி நாற்காலியை விட்டு எழுந்தாள். "அத்தை, வாளியைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே மாடிக்கு ஓடினாள்.

மாடியில் பேனல்களைக் காணவில்லை. போர்வைகள்தான் தெரிந்தன. போர்வைக்குப் பக்கத்தில் துண்டு, துண்டுக்குப் பக்கத்தில் தலையணை உறை. நடுவில் மாமாவின் சட்டை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், மூச்சு முட்டிக்கொண்டு, பேனல்கள்.

"நல்ல சாய்வு, நல்ல சூடு!" என்றார் அத்தை, கடைசிப் போர்வையை உதறி விரித்தபடி. "தினமும் காலையில போட்டா, சாயங்காலம் எடுக்கறப்ப மொறமொறன்னு இருக்கு. உங்க மாமா அவ்வளவு காசு குடுத்து வாங்கினதுல இது ஒண்ணுதான் உருப்படியா நடக்குது."

துருவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

"பேனல் வர்றதுக்கு முன்னாடி எங்க அத்தை துணி காயப்போட்டீங்க?"

"இதே இடத்துலதான் கொடி கட்டியிருந்தேன். பேனல் மாட்ட வந்தவங்க கொடியை அவுத்து, சுருட்டி, என் கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. 'இனிமே துணியை எங்கம்மா போடுவீங்க?'ன்னு ஒரு ஆள் கேக்கல. உங்க மாமாவும் கேக்கல."

கீழே ஓடிப்போய் மாமாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம். ஆனால் மாமாவின் குரலை நினைத்துப் பார்த்தாள். அவர் அதை அறிவித்தால் தெருவே கேட்கும். அத்தை வெளியே தலைகாட்ட முடியாது. பாவம், துணியை வேறு எங்கேதான் போடுவார்?

"அத்தை, அந்தக் கொடி இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"பேனலுக்கு வெயில் கண்ணுல படணும் அத்தை. மேல துணி கிடந்தா, கண்ணைக் கட்டிவிட்டுப் பாடம் படிக்கச் சொல்ற மாதிரி."

அத்தையின் கை வாய்க்குப் போனது. "ஐயையோ! மூணு மாசமா அதோட கண்ணைக் கட்டினது நானா?"

"நீங்க இல்லை அத்தை. கொடியை அவுத்தவங்க. மறுபடி கட்டிட்டா போச்சு."

துருவி மாடிச் சுவரோரம் நின்று சத்தம் போட்டுப் பொடியைக் கூப்பிட்டாள். மூன்று பேருமாகச் சேர்ந்து மாடியின் அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறைக்கும் நடுவே கொடியை இழுத்துக் கட்டினார்கள். நிழல் பேனல் பக்கம் விழுகிறதா என்று துருவி பார்த்துக்கொண்டாள். விழவில்லை. ஒவ்வொரு துணியாக இடம் மாறியது. மாமாவின் சட்டை மட்டும் வர மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு பொடி பேனல்களின் ஓரங்களில் படிந்திருந்த தூசியை ஈரத் துணியால் துடைத்தான். துணி கறுப்பானது. பொடியும்தான்.

கீழேயிருந்து மாமாவின் குரல் கேட்க ஆரம்பித்தது.

"அறுநூறு! ஆயிரம்! ஆயிரத்து ஐந்நூறு! மேல என்ன நடக்குது? வண்டி நிக்காமப் போகுதே!"

அத்தை படியிறங்கிப் போய் மாமாவுக்கு எதிரே நின்றார்.

"உங்க பேனல் மேலதான் துணி காயப்போட்டுட்டிருந்தேன்" என்றார் அத்தை.

மாமா பெட்டியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார், அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சின்னக் குரலில். "பில் குறையலன்னு எனக்கும் தெரியும். உன்கிட்ட ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதான் தெருவெல்லாம் 'அருமை, அருமை'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். கொடியைப் பத்தி நானாவது கேட்டிருக்கணும். காலதாமதத்துக்கு வருந்துகிறேன்."

அத்தை சிரித்துவிட்டார். டீயும் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

துருவிக்கு மட்டும் டீ இறங்கவில்லை. பேனல் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்படியென்றால் அப்பா சொன்னதுதான் சரியா? அம்மாவின் முழங்கால் இன்னும் ஒரு வருஷம் சுவரைப் பிடிக்க வேண்டுமா?

'பாதியிலே எழுந்து போகக் கூடாது' என்று முடிவு செய்தாள். சாப்பிட மட்டும் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா நடுநடுவே அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் சாய்ந்தது. எண்ணும் சாய்ந்தது. அப்பா சலூனைப் பூட்டிவிட்டுத் தெருவில் நடந்து வரும் நேரத்தில் பெட்டியில் பூஜ்யம்தான் இருந்தது.

"பெட்டி தூங்கிடுச்சு மாமா!"

"வெயில் போனா அதுக்கு என்ன வேலை? இனிமே வெளியிலேர்ந்து வர்ற கரண்ட்தான், அதுக்குப் பில் உண்டு."

"அப்ப உங்களுக்கு எப்படி மிச்சமாகும்?"

"நாங்க ரெண்டு பேரும் பகல் பூரா வீட்டுலதானே இருக்கோம்? துணி துவைக்கிற மெஷின், தண்ணி மோட்டார், டிவி எல்லாமே பகல்லதான் ஓடுது."

துருவி சட்டென்று எழுந்தாள். "வரேன் மாமா!" என்றபடி தெருவைத் தாண்டி ஓடினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பொடியைப் பிடித்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள்.

"ஒரு விளையாட்டு. நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லணும். இப்ப நீதான் டிவி. எப்போ வேலை செய்வே?"

"சாயங்காலம்! பகல்ல எனக்கு லீவு. எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிடுவாங்க."

"நீ ஃபேன்."

"நானும் சாயங்காலம்தான். பகல்ல அம்மா ஜன்னலோரமா உக்காந்துக்குவாங்க, காத்து வரும்."

"இஸ்திரிப் பெட்டி?"

"அம்மா தைச்சு முடிச்சப்புறம், சாயங்காலம்."

"ஃபிரிட்ஜ்?"

"எனக்கு லீவே கிடையாது" என்றான் பொடி சோகமாக.

துருவி முன்னறைப் பக்கம் திரும்பினாள். "நீ அம்மாவோட தையல் மெஷின்."

பொடி கொஞ்சம் யோசித்தான். "நான் பகல் பூரா ஓடுவேன். ஆனா எனக்குக் கரண்ட் வேண்டாம். அம்மா கால்தான் வேணும்."

அதற்குப் பிறகு துருவி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். துருவி நாலாவதாக உட்கார்ந்தாள். சோலார்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க நுரை. அப்பாவின் சவரக் கத்தி அவர் தொண்டை மேல் மெதுவாக வழுக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எங்க வீட்டுக்குச் சோலார் லாபம்தானே?" என்று கேட்டார் அப்பா.

"உம்" என்றார் சோலார்காரர், ஒரு முடியைக்கூட அசைக்காமல்.

"பார்த்தியா?" என்று அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

துருவிக்கு வெள்ளிக்கிழமை எங்கே இடித்தது என்று இப்போது பளிச்சென்று தெரிந்தது.

"அப்பா, கத்தியைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க."

"என்ன?"

"கழுத்துல கத்தி இருக்கும்போது யாருப்பா இல்லைன்னு சொல்லுவாங்க? தலையை எப்படி ஆட்டுவாங்க?"

பெஞ்சு குலுங்கியது. அப்பா தன் கையில் இருந்த கத்தியை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். மெதுவாக மேசை மேல் வைத்தார்.

"நிஜத்தைச் சொன்னா, அன்னிக்கு நீங்க கேட்டதே என் காதுல விழல அண்ணே" என்றார் பெஞ்சில் ஒருவர். "நான் என் கழுத்தைப் பத்தித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

"நானும்" என்றார் இன்னொருவர்.

துருவி எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "சார், எங்க வீட்டுல பகல்ல ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடுது. மத்ததெல்லாம் சாயங்காலம்தான். அப்ப உங்க பேனல் தூங்கிடும். பகல்ல வர்ற கரண்ட்டை நாங்க என்ன பண்றது?"

சோலார்காரர் கண்ணாடியில் கத்தி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பேட்டரி வச்சுச் சேத்துக்கலாம் பாப்பா. அதுக்குத் தனி விலை. இல்லாட்டி மிச்சத்தைக் கரண்ட் ஆபீசுக்கே விக்கலாம். அவங்க விலை குறைச்சலாத்தான் தருவாங்க."

"இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார் அப்பா.

"நீங்க கேட்டப்பெல்லாம் என்னால வாயைத் திறக்க முடியலியே சார்!"

"இப்போ திறக்கலாம்" என்றாள் துருவி. "எங்க வீட்டுக்கு இது லாபமா?"

சோலார்காரர் பெருமூச்சு விட்டார். நுரையில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. "போட்ட காசு திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். பகல்ல ஓடற மாதிரி ஏதாவது வேலை இருந்தா அது வேற கதை."

"வரப் போகுது சார். எங்கம்மாவோட மோட்டார் மெஷின். அது வந்தா தையல் சீக்கிரம் முடியும். இஸ்திரியும் பகல்லயே போட்டுடலாம். அதனால முதல்ல மெஷின். பகல்ல எவ்வளவு கரண்ட் ஆகுதுன்னு பார்த்துட்டு, அதுக்கேத்த அளவு பேனல். நீங்க போட வரும்போது துணிக்கொடிக்கும் ஓர் இடம் பார்த்துக் குடுக்கணும்."

"துணிக்கொடியா? அது எதுக்கு?"

"அது தனிக் கதை சார்."

சோலார்காரர் அப்பாவைப் பார்த்தார். "இந்தப் பாப்பாவை மட்டும் எங்க கம்பெனி பக்கம் அனுப்பிடாதீங்க சார். நாங்க பிழைக்கணும்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கத்தியை மறுபடி எடுத்தார். "சரி, அடுத்த வருஷம் வாங்க. இன்னிக்குச் சவரத்துக்குக் காசு வேண்டாம்."

"உம்" என்றார் சோலார்காரர், அசையாமல்.

அந்த வாரமே மெஷின் வந்தது. அப்பாவே தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் இறக்கினார். இறக்கிவிட்டுச் சட்டைப்பைக்குள் கையைவிட்டு ஒரு பந்தை எடுத்துப் பொடியிடம் நீட்டினார்.

"தபால்ல சேர்ந்து வந்துடுச்சு" என்றார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கால் நுனியை லேசாக வைத்தாள். மெஷின் 'ர்ர்ர்' என்று பாய்ந்தது. அம்மா பயந்து காலை எடுத்தாள். சிரித்தாள். மறுபடி வைத்தாள்.

அப்பாவும் ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டார். சலூனில் யாரிடம் என்ன கேட்பதாக இருந்தாலும் முதலில் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "நான் நல்லா முடி வெட்டறேனா?" என்று ஒருவரிடம் அப்படித்தான் கேட்டார். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்தக் கேள்வியை மட்டும் கத்தியோடு கேட்கிறார்.

வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் நின்றபாடில்லை. "வீணாப் போகுதே!" என்று அவர் சொன்னால், "அடுத்த வருஷம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி வெயில்கிட்ட சொல்லுங்க" என்று அம்மா நேரடியாகவே பதில் சொல்கிறாள். பொடிக்குத் தபால் வேலை போய்விட்டது. அவனுக்கு அதில் வருத்தமில்லை. பந்து இருக்கிறது.

புது மெஷினில் தைத்த முதல் நாள் சாயங்காலம், அதை நிறுத்திவிட்டு அம்மா எழுந்தாள். நேராக எழுந்து, நேராக நடந்து, சமையலறைக்குப் போனாள்.

துருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, சுவர் விழாம இருக்கான்னு பார்க்கலியா?"

"அது கெட்டியாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "இனிமே தானா நிக்கட்டும்."